பச்சை விளக்கு சொன்ன பொய்

6

"க்ர்ர்ர்ர்!"

இயந்திரம் உறுமியது. சிவப்பு விளக்கு எரிந்தது. இடுப்பளவு உயரத்தில் வழிமறித்து நின்ற சுழல்கதவு ஓர் அங்குலம் கூட நகரவில்லை.

"ஏங்க, என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?" என்றான் வாலு.

"அது மூஞ்சியைப் பார்க்காது தம்பி, காலைத்தான் பார்க்கும்," என்றார் கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவல்காரப் பெண்மணி. "மூஞ்சியைப் பார்க்கிறதா இருந்தா நீங்க ரோட்டுல வரும்போதே சிவப்பு எரிஞ்சிருக்கும்."

வாலு தன் மூஞ்சியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. ஆனால் துப்பறியும் மேடம் போகிற இடமெல்லாம் பத்து வருஷமாகப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்ததால் 'வாலு' என்பது ஒட்டிக்கொண்டது. இப்போது பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். மேடம் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தவர். இருபது வருஷம் பொய்யாகவே கேட்டுக் கேட்டு, யாராவது உண்மை பேசினால் உடனே நிமிர்ந்து உட்காருவார். இந்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் முதலாளி அவரைத்தான் வரவழைத்திருந்தார்.

"நாடாவை சாக்ஸுக்குள்ள சொருகினீங்களா?" என்று கேட்டார் மேனேஜர். அவருடைய பேன்ட் மடிப்பில் காய்கறி நறுக்கலாம். இருவரையும் ஆபீஸ் பக்கத்து வராந்தா வழியாக இந்த இயந்திரத்திடம் கூட்டி வந்தவர் அவர்தான்.

வாலு அசடு வழிந்தான். சற்றுமுன் அவன் குதிகாலில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு நாடா தொங்கியது. அதை சாக்ஸுக்குள் விட்டு, தோலில் படும்படி குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டுமாம். முந்தாநாள்தான் வாங்கிய ஷூ அது. கனத்த ரப்பர் அடி, பக்கவாட்டில் காற்று போக வலைத்துணி. அதன் அழகைக் கெடுக்கிறதே என்று நாடாவை ஷூவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான்.

"நடக்க நடக்க நம்ம உடம்புல கரண்ட் சேரும் சார்," என்றார் மேனேஜர். "சட்டையைக் கழட்டும்போது படபடன்னு பொரியுமே, பிளாஸ்டிக் நாற்காலியிலேர்ந்து எழுந்து கதவைத் தொட்டா சுரீர்னு இழுக்குமே, அதேதான். நமக்கு அது எறும்புக்கடி. உள்ள இருக்கிற சிப்புக்கு அது இடி. இந்த நாடா வழியா சேர்ந்ததெல்லாம் தரைக்கு இறங்கிடும். அதுக்குத்தான் உள்ள தனியா ஒரு தரை போட்டிருக்கோம்."

வாலு முனகிக்கொண்டே நாடாவைச் சொருகினான். இரும்புத் தட்டின் மேல் நின்று பித்தளைப் பொத்தானை விரலால் அழுத்தினான். 'டிங்' என்றது. பச்சை விளக்கு. கதவு சுழன்றது.

"பாஸாயிட்டேன் மேடம்! பள்ளிக்கூடத்துல கூட இவ்வளவு சந்தோஷம் இல்ல."

"பள்ளிக்கூடத்துல பாஸானியா?" என்று கேட்டுக்கொண்டே மேடமும் பச்சை வாங்கி உள்ளே வந்தார். மேனேஜர் மட்டும் ஓரத்துச் சின்னக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

விஷயம் இதுதான். பிறந்த குழந்தையின் தொட்டில் பக்கத்தில் வைத்தால் அதன் மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு கருவி. அதற்கான, சிப்புகள் பதித்த போர்டுகள் இங்கேதான் தயாராகின்றன. இருபத்தொரு நாட்களாக அந்தப் போர்டுகள் காரணமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு. கடைசிப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வதால் வெளியே போகவில்லை. செத்த போர்டு ஒவ்வொன்றும் ஒரே ஒருத்தியின் கை வழியாக வந்திருந்தது.

"ட்ரே தூக்குற பொண்ணு," என்றார் மேனேஜர், தன் கண்ணாடி அறைக்குள் அவர்களை உட்கார வைத்து. "அங்கேர்ந்து போர்டை எடுத்துட்டு வந்து இங்க அடுக்குல சொருகுவா. சொருகினதுல ஆறுல ஒண்ணு காலி. வேணும்னே பண்றா மேடம். நாலு மணிக்குப் போலீஸ் வரும், ஒப்படைச்சுடலாம்னு இருக்கேன்."

"உடம்புல சேர்ற அந்த ஸ்டேட்டிக் கரண்டா இருக்கலாமே?"

"வாய்ப்பே இல்ல!" மேனேஜர் வாசல் ரிஜிஸ்தரைத் திறந்து பெருமையோடு நீட்டினார். "பாருங்க. உங்க ஆளை விட்டுட்டா இருபத்தொரு நாளா ஒரு சிவப்பு கூட இல்ல. நூத்தி எண்பது பேர். அத்தனை பேருக்கும் பச்சை."

மேடம் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். அவர் பிஸ்கட்டை எடுத்தால் எங்கோ எதுவோ இடிக்கிறது என்று அர்த்தம்.

"அதுக்கு முன்னால தினம் மூணு சிவப்பு, நாலு சிவப்புன்னு இருக்கே?"

"அப்ப கவனமில்லாம இருந்தாங்க. சிவப்பு வந்தா திரும்பிப் போய் நாடாவை சரி பண்ணிட்டு வரிசைக்குக் கடைசியில நிக்கணும். மணி அடிச்சதுக்கு அப்புறம் ஒரு நிமிஷம் லேட்டானாலும் அரை நாள் ஆப்சென்ட். நான் கொண்டு வந்த ரூல். அதான் இப்ப எல்லாரும் திருந்திட்டாங்க."

"நூத்தி எண்பது பேரும் ஒரே நாள்ல திருந்திட்டாங்களா?" என்றான் வாலு. "எங்க வீட்டுல நான் ஒருத்தன். பதிமூணு வருஷமா முயற்சி நடக்குது."

மேடம் ரிஜிஸ்தரின் ஒரு வரியில் விரலை வைத்தார். கடைசியாக எரிந்த சிவப்பு. இருபத்திரண்டு நாளுக்கு முன்னால். ஒரே ஆளுக்கு மூன்று முறை. எதிரே எழுதியிருந்தது: ட்ரே தூக்கும் பெண். சரியாகச் சொருகவில்லை. அரை நாள் ஆப்சென்ட்.

"ஆமா," என்றார் மேனேஜர். "அந்தக் கோபத்துலதான் பழி வாங்குறா. காரணமும் இருக்கு, கையும் இருக்கு. வேற என்ன வேணும்?"

மேடம் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார்.

* * *

அந்தப் பெண்ணை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். அழுது முடித்து, இப்போது கோபத்தில் இருந்தாள். வாலுவுக்கு அவளைப் பார்த்ததும் மனசு கரைந்துவிட்டது. ஆனால் போன வழக்கில் அப்படிக் கரைந்து கைக்கடிகாரத்தைப் பறிகொடுத்த அனுபவம் அவனுக்கு இருந்ததால் ஜாக்கிரதையாக நின்றான்.

"நீ உட்கார்ந்து பண்ற வேலை ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டார் மேடம்.

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "இல்ல மேடம். நடக்கிறதுதான் என் வேலை. உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் மேஜையோட சேர்த்து கையில ஒரு ஒயர் கட்டியிருப்பாங்க. எனக்கு அது கிடையாது. ஒயரைக் கட்டிக்கிட்டு எப்படி நடக்கிறது? எனக்குக் கால்ல இருக்கிற பட்டை மட்டும்தான்."

"அந்த அரை நாள் ஆப்சென்ட் போட்டாங்களே, அன்னைக்கு என்ன ஆச்சு?"

அவள் முகம் இறுகியது. "நான் நாடாவை ஒழுங்காத்தான் சொருகியிருந்தேன். மூணு தடவை சிவப்பு வந்துச்சு. மூணு தடவையும் ஒழுங்காத்தான் சொருகியிருந்தேன். 'நீ சரியா சொருகல'ன்னு சொல்லி எல்லார் முன்னாடியும் ஓரமா நிக்க வச்சாங்க. நான் பொய் சொல்ற மாதிரி."

"நிக்க வச்சது யாரு?"

"கேட்டுல இருக்காங்களே, அவங்க," என்றாள். அதற்கு மேல் பேச மறுத்துவிட்டாள்.

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்ததை வாலு கவனித்தான்.

* * *

மூன்று மணிக்கு டீ இடைவேளை. மேடம் உள்ளேயே தங்கிவிட்டார். "நீ போய் டீ குடி. குடிக்கும்போது காதைத் திறந்து வை, வாயை மூடி வை," என்று வாலுவை அனுப்பினார்.

"வாயை மூடிட்டு எப்படி மேடம் டீ குடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடினான்.

வெளியே போனதும் முதல் வேலையாகக் கால் பட்டையைக் கழற்றினான். குதிகாலில் நாடா குறுகுறுவென்று ஊர்ந்துகொண்டே இருந்தது. அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இரண்டு டீக்குள் தொழிற்சாலையின் கதையெல்லாம் அவன் காதுக்கு வந்து சேர்ந்தது. பதினைந்து நிமிஷம் கழித்து, நீலக் கோட்டு போட்ட கூட்டத்தோடு கூட்டமாகப் பெரிய வாசல் வழியாக உள்ளே வந்தான். வாசற்படியில் விரித்திருந்த சாக்கில் எல்லோரும் காலைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அவனும் துடைத்தான். தட்டில் ஏறினான், பொத்தானை அழுத்தினான். டிங்.

மேடம் ஒரு தூண் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கேஸ் முடிஞ்சுது!" என்று கிசுகிசுத்தான் வாலு. "சொன்னா அசந்து போயிடுவீங்க. கேட்டுல இருக்கிற அந்தம்மா யாரு தெரியுமா? ட்ரே தூக்குற பொண்ணோட மாமியார்!"

"ம்."

"அந்த ஆப்சென்ட் விவகாரத்துக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மூணு வாரமா மௌன விரதம். புருஷன்காரன் நடுவுல தபால்காரன் மாதிரி. 'குடை எங்கேன்னு உங்க அம்மாவைக் கேளுங்க', 'கதவுக்குப் பின்னாடின்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு'. மூணு பேரும் ஒரே அறையில இருக்கும்போதே இது நடக்குதாம்! எல்லாம் பொருந்துது மேடம். மருமகளை வேலையை விட்டே துரத்தணும்னு மாமியார் போட்ட திட்டம். போர்டைக் கெடுக்கிறது மாமியார், மாட்டிக்கிறது மருமகள்."

"அந்தம்மா இந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போறதே இல்லையே? போர்டை எப்படிக் கெடுப்பாங்க?"

"அதை நீங்க கண்டுபிடிங்க. எல்லாத்தையும் நானே பண்ணினா அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?" வாலு ஒரு காலைத் தூக்கி உதறினான். "என்ன எழவுடா இது, புது சாக்ஸ் பூரா ஈரம். வலை வச்ச ஷூ வாங்காதேன்னு பொண்டாட்டி அப்பவே சொன்னா."

மேடத்தின் பார்வை அவன் காலிலிருந்து மெதுவாக மேலே ஏறி, சட்டைப் பையில் வந்து நின்றது. பையிலிருந்து கறுப்பு நாடாவின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாலு, அது என்னடா?"

"அது... கால் பட்டை. குறுகுறுன்னு இருந்துச்சுன்னு கழட்டி..."

"கழட்டி எவ்வளவு நேரமாச்சு?"

"டீ குடிக்கப் போனதுமே. மன்னிச்சுக்குங்க மேடம், இப்பவே மாட்டிக்கிறேன்."

"மாட்டாதே!" மேடம் போட்ட சத்தத்தில் பக்கத்தில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "மத்தியானம் நாடாவை சொருகாம நின்னே, சிவப்பு. இப்ப பட்டையே இல்லாம நின்னே, பச்சை. ஷூ அதேதான். ஆள் அதே ஆள்தான். நடுவுல என்ன மாறிச்சு?"

வாலு திருதிருவென்று விழித்தான். "ரெண்டு டீ உள்ள போயிருக்கு மேடம்."

"முட்டாள்! மத்தியானம் நாம ஆபீஸ் வராந்தா வழியா வந்தோம். இப்ப நீ பெரிய வாசல் வழியா வந்தே." மேடம் கைப்பையை மூடினார். பிஸ்கட்டுக்கு இனி வேலையில்லை. "ரெண்டாவது ஷிப்டு எத்தனை மணிக்கு?"

"மூணரைக்கு."

"போய் மேனேஜரைக் கூட்டிட்டு வா. அந்தப் பொண்ணையும். பத்து வருஷத்துல முதல் தடவையா உன் சோம்பேறித்தனம் ஒரு கேஸைத் தீர்த்து வச்சிருக்கு."

* * *

இரண்டாவது ஷிப்டின் ஆட்கள் வாசலுக்கு வெளியே கூடிவிட்டார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, வாசல் ரிஜிஸ்தரைக் காவல்காரப் பெண்மணியிடம் திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் ட்ரே தூக்கும் பெண் வந்து, மாமியார் இருந்த திசையைத் தவிர மற்ற எல்லாத் திசைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாலு," என்றார் மேடம். "அந்தச் சாக்கைத் தூக்கிட்டுப் போய் வெளியே வெயில்ல போடு. தரையைத் துடை."

ஸ்டூலிலிருந்த காவல்காரப் பெண்மணி சட்டென்று எழுந்தார். "அது எதுக்கும்மா? தூசி வரக் கூடாதுன்னு போட்டது. அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே."

வாலு குனிந்து சாக்கைத் தூக்கினான். ஊறிப்போன எருமைக்கன்று போலக் கனத்தது. பாதித் தண்ணீர் அவன் ஷூவில் வடிந்தது, மீதி பேன்ட்டில். "ஐயையோ, இதுக்குள்ள ஒரு கிணறே இருக்கு மேடம்!" என்று அலறிக்கொண்டே இழுத்துப் போனான். திரும்பி வந்து தன் கைக்குட்டையாலேயே தரையைத் துடைத்தான். அப்போது அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தான். மத்தியானம் தன்னை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்த அந்தக் கெட்டிக்கார முகம் சுருங்கிப் போயிருந்தது. அவனுக்கு என்னவோ போல் ஆயிற்று.

"இப்ப வரச் சொல்லுங்க," என்றார் மேடம்.

முதல் ஆள், பச்சை. இரண்டாவது ஆள், பச்சை. மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது ஆளுக்கு 'க்ர்ர்ர்ர்'. நான்காவது, 'க்ர்ர்ர்ர்'. அவர் அவசரத்தில் நாடாவை ஷூவின் நாக்கில் சொருகியிருந்தார். ஏழாவது ஆள் கனத்த நைலான் சாக்ஸுக்கு மேலே விட்டிருந்தார். பதினொன்றாவது ஆள் பட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். எத்தனை நாளாக என்று அவருக்கே ஞாபகமில்லை. வாலு விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, கை விரல் தீர்ந்து கால் விரலுக்கு வந்தான்.

"மிஷின் கெட்டுப் போச்சு!" என்று கத்தினார் மேனேஜர். "நகருங்க. நான் நிக்கிறேன், பாருங்க."

விறைப்பாகத் தட்டில் ஏறினார். பொத்தானை அழுத்தினார்.

"க்ர்ர்ர்ர்!"

அந்தச் சத்தம் மற்றவர்களுக்கு வந்ததைவிடச் சற்று அதிகமாகவே கேட்டதாக வாலு பிற்பாடு சத்தியம் செய்தான். மேனேஜரின் பேன்ட்டை அவனே அக்கறையோடு தூக்கிப் பார்த்தான். பட்டை இருந்தது. நாடா இருக்க வேண்டிய இடத்தில் கத்தரிக்கோலால் நறுக்கிய ஓர் அங்குல முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"அது... பேன்ட் மடிப்பு கெட்டுப் போகுதுன்னு..." என்றார் மேனேஜர்.

வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கி இருமினார். இருமல் வரிசை முழுக்கப் பரவியது.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு," என்றார் மேடம். "சாக்குதான் அதை ஏமாத்திட்டு இருந்துச்சு. ஈரக் கால்ல வந்து நின்னா, நாடா இருந்தாலும் இல்லாட்டியும் கரண்ட் ஈரத்து வழியா இறங்கிடும். மிஷின் பச்சை காட்டிடும். உள்ள போய்க் கால் மணி நேரத்துல ஷூ காய்ஞ்சதும், நாடா சரியில்லாதவன் கதை கந்தல். உட்கார்ந்து வேலை பண்றவங்களைக் கையில கட்டின ஒயர் காப்பாத்திடும். நடக்கிறவங்களை?"

எல்லோரும் ட்ரே தூக்கும் பெண்ணைப் பார்த்தார்கள்.

"சாக்குல தண்ணி ஊத்தினது யாரு?" மேனேஜரின் குரல் திரும்ப வந்துவிட்டது. "இப்பவே தெரியணும்!"

"நான்தான்," என்றார் காவல்காரப் பெண்மணி.

வாலு மேடத்தைப் பெருமையோடு பார்த்தான். நான் சொல்லவில்லையா, மாமியார்தான் என்று! ஆனால் மேடம் அவனைப் பார்க்கவில்லை. "எதுக்கும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தப் பெண்மணி கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினார். "அன்னைக்கு இவளுக்கு மூணு தடவை சிவப்பு வந்துச்சு. என் மருமகளாச்சேன்னு நான் விட்டுட்டா நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க. ஓரமா நிக்கச் சொன்னேன். அரை நாள் போச்சு. அவ அழுதுட்டே வீட்டுக்குப் போனா. எனக்கு ராத்திரி சோறு இறங்கல. மறுநாள் காலையில தரை துடைக்கிறவங்க வாளியை இங்க கவுத்துட்டாங்க. அன்னைக்கு ஒருத்தருக்கும் சிவப்பு வரல. இவளுக்கும் வரல. சரி, தண்ணி இருந்தா மிஷின் சும்மா இருக்குதுன்னு தெரிஞ்சுது. அன்னையிலேர்ந்து தினம் ரெண்டு குடம் ஊத்துறேன். இன்னொரு தடவை என் கையால இவளை நிக்க வைக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

"ஏன் அத்தை இதை எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டுவிட்ட பிறகுதான், தான் பேசிவிட்டோம் என்பது மருமகளுக்கு உறைத்தது. மூன்று வார விரதம் முறிந்தது.

"நீதான் எங்கிட்ட பேசலையே."

"நீங்களும்தான் பேசல!"

"விளக்கு பச்சையானா எல்லாம் சரின்னு நினைச்சேன் மேடம்," என்றார் பெண்மணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவளைக் காப்பாத்தறதா நினைச்சு இவ தலையிலேயே கொண்டாந்து போட்டிருக்கேன். போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கிறதா இருந்தா என்னைக் கொடுங்க. அவளை விட்டுடுங்க."

வாலுவுக்குத் தன் சதித்திட்டக் கதையை அங்கேயே குழி தோண்டிப் புதைக்க வேண்டும் போலிருந்தது.

"இன்னும் ஒரு சிவப்பு பாக்கி இருக்கு," என்றார் மேடம். "நீ வந்து நில்லும்மா."

மருமகள் தட்டில் ஏறிப் பொத்தானை அழுத்தினாள். "க்ர்ர்ர்ர்!" மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் தரையில் மண்டியிட்டு அவள் சாக்ஸை இறக்கிப் பார்த்தார். நாடா உள்ளே, குதிகாலுக்கு நேர் அடியில், கோடு போட்டாற்போல் இருந்தது. இதைவிட ஒழுங்காக யாராலும் சொருக முடியாது. பட்டையைக் கழற்றி எல்லோரும் பார்க்கும்படி வளைத்தார். நாடா ரப்பருக்குள் நுழைகிற இடத்தில், வெளியே தெரியாமல், அறுந்து ஒரே ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இருபத்திரண்டு நாளா அறுந்திருக்கு," என்றார் மேடம். "மிஷின் அன்னைக்கே சொல்லிடுச்சு. மூணு தடவை சொல்லுச்சு. ஏன் சிவப்புன்னு யாருமே கேக்கல. எப்படிப் பச்சையாக்கலாம்னுதான் எல்லாரும் பார்த்தீங்க."

"இந்தம்மாவை இப்பவே வேலையை விட்டு..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"தாராளமா. முதலாளிக்கு ரிப்போர்ட் எழுதப் போறவ நான்தான். இன்னைக்கு வந்த சிவப்பு எல்லாத்தையும் வரிசையா எழுதுவேன். யாரு யாருக்கு, என்ன காரணம்னு. கத்தரிக்கோல் வரைக்கும்." மேடம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஒரு நிமிஷம் லேட்டானா அரை நாள்னு ஒரு ரூல் இருக்கே, அது இருக்கிற வரைக்கும் இந்தச் சாக்கு இல்லாட்டி வேற ஒரு சாக்கு வரும். அதையும் எழுதணுமா, இல்ல நீங்களே எடுத்துடுறீங்களா?"

மேனேஜர் தன் பேன்ட் மடிப்பைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். "இல்லைங்க சார்... வேண்டாம் சார்... சும்மா ஒரு சந்தேகம்தான் சார்... ரூலா? என்ன ரூல் சார்? அது எடுத்தாச்சு சார்..." என்று அவர் யாரிடம் என்ன பேசுகிறோம் என்று புரியாமல் போலீசிடம் உளறிக்கொண்டிருந்தது இங்கே வரைக்கும் கேட்டது.

ஸ்டோரிலிருந்து புதுப் பட்டை வந்தது. மருமகள் பெஞ்சில் உட்கார்ந்து அதை மாட்டக் குனிந்தாள். அதற்குள் மாமியார் எதிரே தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டார்.

"ஐயோ அத்தை, என்ன இது! காலை விடுங்க, எல்லாரும் பார்க்கிறாங்க!"

"பார்க்கட்டும். அன்னைக்கும் எல்லாரும்தான் பார்த்தாங்க." அவர் நாடாவை சாக்ஸுக்குள் விட்டு, குதிகாலுக்கு அடியில் இழுத்து, ஒருமுறைக்கு இருமுறை தடவிச் சரிபார்த்தார். நிமிர்ந்து, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "இவ அன்னைக்கு ஒழுங்காத்தான் சொருகியிருந்தா. பட்டைதான் அறுந்திருந்துச்சு. பொய் சொன்னது இவ இல்ல."

வாலு கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினான். அது சாக்குத் தண்ணீரில் ஊறிப்போய்க் கிடந்தது.

மருமகள் தட்டில் ஏறினாள். டிங். பச்சை. கதவு சுழல ஆரம்பித்தது. அவள் பாதியில் நின்று திரும்பினாள்.

"இதை வீட்டுலயும் சொல்லணும். உங்க பிள்ளை முன்னாடி."

"சொல்றேன்."

"இதே மாதிரி சத்தமா."

"சொல்றேன்டி! இப்ப வரிசையை அடைக்காம நகரு," என்று அதட்டிவிட்டு, மாமியார் ரிஜிஸ்தரைத் திறந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இருபத்திரண்டு நாளுக்கு முந்தைய அந்தப் பக்கத்தைத் தேடினார். மூன்று சிவப்புக்கும் எதிரே தன் கையெழுத்தில் இருந்த 'சரியாகச் சொருகவில்லை' என்பதை ஒவ்வொன்றாக அடித்தார். மேலே 'பட்டை அறுந்திருந்தது' என்று எழுதி, மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.